குறைந்த செலவில் கைப்பின்னல்: தொடங்குவோர் வாங்க வேண்டியவையும் வேண்டாதவையும்

கைப்பின்னல் தொடங்க ஒரு ஜோடி ஊசியும் ஒரு நூலுருண்டையும் போதும். மற்றவற்றில் பாதி வீட்டிலேயே இருக்கும், மீதியைக் கை பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஊசி என்ன அளவு, அந்த நூல் என்ன ரகம் என்று தெரியாமல் வாங்குவதில்தான் பணமும் பொறுமையும் வீணாகின்றன. பெட்டியில் அழகாக அடுக்கி விற்கும் ஊசித் தொகுப்பை வாங்கி அதில் முக்கால் பங்கைத் தொடாமலே வைத்திருப்பவர்கள் உண்டு. ஃபேன்சி ஸ்டோரில் கிடைத்த மெல்லிய உல்லனோடும் அதற்குப் பொருந்தாத ஊசியோடும் மல்லுக்கட்டிவிட்டு, தனக்கு இந்த வேலை வராது என்று ஒதுங்கியவர்களும் உண்டு. எதில் செலவழிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று தெரிந்தால் தமிழ்நாட்டில் ஒருவர் சாதாரணமாக 500 ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம்.

இங்கே பேசப்படுவது இரண்டு நீள ஊசிகளைக் கொண்டு செய்யும் பின்னல். ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷாவுக்கு வேண்டிய சாமான்கள் வேறு. திருப்பூர்ப் பின்னலாடை முழுக்க இயந்திர வேலை என்றாலும், அந்த ஊர் இந்தக் கட்டுரையில் வேறொரு காரணத்துக்காக வரும்.

முதலில் ஊசி. பல நாடுகளில் பின்னுவோர் வாங்கும் ‘போனி’ ஊசிகள் நீலகிரியில் செய்யப்படுபவை. இங்கிலாந்து ஊசி நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனமாக 1949-இல் பதிவான நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா), உதகைக்கும் குன்னூருக்கும் இடையே கேத்தியை அடுத்த எல்லநள்ளியில் ஆலை நடத்துகிறது. தையல் ஊசி, குரோஷா ஊசி, பின்னல் ஊசி எல்லாம் அங்கே தயாராகின்றன. வெளிநாட்டுக் கடைகளில் இறக்குமதிச் சரக்காக விற்கும் ஊசி இங்கே உள்நாட்டு விலைக்குக் கிடைப்பது தொடங்குவோருக்கு வாய்த்த வசதி. அதில் சாம்பல் நிறப் பூச்சுள்ள அலுமினிய ஊசியே மலிவு. கீழே விழுந்தால் உடையாது, துருப்பிடிக்காது, பல ஆண்டுகள் உழைக்கும். பூச்சு தேய்ந்துபோனால் விரலிலும் வெளிர்நிற நூலிலும் கரும்பூச்சாக ஒட்டும். அப்போது மாற்றினால் போதும்.

அலுமினியத்தின் குறை அதன் வழுக்கல். பழகிய கைக்கு அது வேகம் தரும். பழகாத கையில் கண்ணிகள், அதாவது ஊசியில் ஏறிய நூல் வளையங்கள், முனையிலிருந்து நழுவி விழும். மூங்கில் ஊசியின் மேற்பரப்பு நூலைச் சற்றே பிடித்துக்கொள்வதால் கண்ணி எளிதில் நழுவாது. உள்ளங்கை வியர்க்கும் சென்னை, மதுரை வெயிலில் பிடிப்பதற்கும் அது இதமாக இருக்கும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாத இடத்தில் மூங்கிலையே எடுக்கலாம். பிளாஸ்டிக் ஊசி தடித்த அளவுகளில் பரவாயில்லை, மெல்லிய அளவுகளில் வளையும். எஃகு ஊசியைக் கடலோர ஊர்களில் துடைத்து வைக்காவிட்டால் துரு பிடிக்கக்கூடும். நிட்புரோ போன்ற இந்தியத் தயாரிப்பிலேயே வழவழப்பான மர ஊசிகள் இருக்கின்றன. நல்ல சரக்குதான், ஆனால் முதல் மாதத்தில் அந்த விலை தேவையில்லை.

இணையக் கடைகளில் 2 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை 18 அளவுகளில் 36 மூங்கில் ஊசிகள் கொண்ட கட்டு ஒன்று மலிவாகக் கிடைக்கும். ஓர் ஊசிக்கு விழும் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். தொடங்குபவர் அதில் இரண்டு மூன்று அளவுகளுக்கு மேல் தொடப்போவதில்லை. முனைகளில் சிராய் இருந்தால் நூல் சிக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவர்த்தியைப் பூசி, பழந்துணியால் துடைத்தால் சரியாகிவிடும். புதிதாக வாங்குவதற்கு அந்தக் கட்டு நல்ல தேர்வல்ல.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவில் ஊசிகளுக்குப் பழைய பிரிட்டிஷ் எண் வழங்குகிறது. அந்த முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறை இதற்கு நேர் எதிர். கடைக்காரர் 8-ஆம் எண் என்று எடுத்துக் கொடுப்பது 4 மில்லிமீட்டர் ஊசி. அமெரிக்கக் காணொளியில் 8-ஆம் எண் என்று சொன்னால் அது 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், அமெரிக்க 10-ஆம் எண் 6 மில்லிமீட்டர். இரு முறைகளும் ஒத்துப்போவது 7-இல் மட்டும்தான், இரண்டிலும் அது 4.5 மில்லிமீட்டர். எனவே எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. முதல் ஊசி 4 மில்லிமீட்டராக இருக்கட்டும், நூல் சற்றுத் தடிமனானால் 5. இதைவிட மெல்லிய ஊசியில் வேலை நத்தை வேகத்தில் நகரும், ஒரு சாண் பின்னுவதற்குள் சலித்துவிடும். 8 மில்லிமீட்டருக்கு மேல் போனால் விரல்களுக்கு ஊசியே பாரமாகிவிடும்.

நீளத்துக்கு 25 முதல் 35 சென்டிமீட்டர் சரி. 40 சென்டிமீட்டர் ஊசி நாற்காலிக் கைப்பிடியில் இடித்துக்கொண்டே இருக்கும். நேர் ஊசிக்குப் பதிலாக வட்ட ஊசியும் வாங்கலாம். இரண்டு குட்டை ஊசிகளை ஒரு பிளாஸ்டிக் வடத்தால் இணைத்தது அது. அதில் குழாய் வடிவத்தில் வட்டமாகவும் பின்னலாம், திருப்பித் திருப்பித் தட்டையாகவும் பின்னலாம், ஊசியொன்று தொலைந்துபோகும் பேச்சே இல்லை. ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்ற 1971-ஆம் ஆண்டுப் புத்தகத்தை எழுதிய எலிசபெத் சிம்மர்மன், வட்ட ஊசியில் தையலில்லாமல் பின்னும் முறையை அமெரிக்காவில் பரப்பினார். கணக்குப் பார்த்தால் வட்ட ஊசியே லாபம். ஆனால் மலிவான வட்ட ஊசியில் வடம் சுருண்டு விறைத்து நிற்கும், இணைப்பில் நூல் மாட்டும், புதியவர் அதைத் தன் பிழை என்று நினைத்துக்கொள்வார். முதலில் நேர் ஊசி, அடுத்த வாங்கலில் தரமான வட்ட ஊசி என்பது நிதானமான வரிசை.

ஊசி வாங்கவே காசில்லாத இடங்களில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் தேய்த்துப் பின்னியவர்கள் இந்தியாவில் உண்டு. சாதாரண ஸ்போக்ஸின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். மெல்லிய காலுறைக்கு அது பொருந்தும், தொடங்குபவருக்குப் பொருந்தாது.

இனி நூல். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். ஊசி சுமாராக இருந்தாலும் நல்ல நூலில் கண்ணி தெளிவாக விழும். மோசமான நூலை எந்த ஊசியும் காப்பாற்றாது.

முதலில் பார்க்க வேண்டியது தடிமன். உலக வழக்கில் டி.கே. என்றும் வர்ஸ்டெட் என்றும் சொல்லப்படும் நடுத்தரத் தடிமன்கள் தொடங்க ஏற்றவை. அமெரிக்க நூல் லேபிள்களில் இவை 3, 4 என்ற எண்களில் குறிக்கப்படும். இந்தியக் கடைகளில் ‘ப்ளை’ கணக்கில் விற்பார்கள். அது எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதை மட்டும் சொல்லும், மொத்தத் தடிமனைச் சொல்லாது. லேபிளில் பொருத்தமான ஊசி 4 அல்லது 5 மில்லிமீட்டர் என்றோ, 100 கிராமில் 200 முதல் 300 மீட்டர் நூல் என்றோ இருந்தால் அது ஏறத்தாழ வேண்டிய தடிமன்தான். லேபிளே இல்லாத நூலுக்கு ஒரு செலவில்லாச் சோதனை: பென்சிலில் நெருக்கமாக, இழுக்காமல், ஓர் அங்குல நீளத்துக்குச் சுற்றிப் பார்ப்பது. 12 முதல் 14 சுற்று வந்தால் டி.கே., 9 முதல் 11 வந்தால் வர்ஸ்டெட். 20 சுற்றைத் தாண்டினால் கைவேலைப் பொம்மைக்கும் சடைக் குஞ்சத்துக்கும் ஆகும் மெல்லிய நூல். ஃபேன்சி ஸ்டோர்களில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தொங்குவது பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது நார். கடையில் உல்லன் என்று கேட்டால் கிடைப்பது அநேகமாக அக்ரிலிக். ஆட்டு ரோமம் துளியும் அதில் இருக்காது. இது ஏமாற்று அல்ல, அப்படித்தான் பெயர் வழங்குகிறது. வர்தமான், ஓஸ்வால், கங்கா என்று கடைகளில் அதிகம் காணப்படும் பெயர்கள் பஞ்சாபின் லூதியானாவைச் சேர்ந்தவை. அக்ரிலிக் மலிவானது, நிறம் போகாது, வீட்டில் துவைக்கலாம், ஓரளவு இழுபடும், பூச்சி அரிக்காது. பத்து முறை பிரித்துப் பின்னினாலும் தாங்கும். பழகுவதற்கு இந்தக் குணம் ஒன்றே போதும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் தட்டையாகி உயிரற்றுப் போகும், நெருப்பருகே உருகும் என்பதால் அடுப்படித் துணிக்கு மட்டும் ஆகாது.

உண்மையான கம்பளி நூலுக்கு இழுவை அதிகம். சீரற்ற கண்ணிகளைத் துவைப்பிலேயே சமன் செய்துகொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. ஆனால் விலை கூடுதல், வெந்நீரில் அலசினால் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும், சமவெளியில் அணிவதற்கு நாளும் குறைவு. உதகை, கொடைக்கானல்காரர்களுக்குக் கணக்கு வேறு. வாங்கியது எது என்ற சந்தேகம் வந்தால் ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்க்கலாம். கம்பளியில் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கடினமான கரு முத்தாகும். பருத்தி காகிதம்போல எரியும்.

வெப்ப நாட்டில் பருத்திக்குத் தனி இடம் உண்டு. கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் எகிப்தின் பருத்திக் காலுறைகள் முக்கியமானவை. நீலமும் வெள்ளையுமாகக் கோலமிட்டுப் பின்னப்பட்டவை அவை. பின்னல் என்றாலே குளிரும் கம்பளியும் என்று நினைக்கக் காரணம் இல்லை. குழந்தைத் தொப்பி, முகம் துடைக்கும் துணி, பாத்திரம் துடைக்கும் துணி, தோள்பை எல்லாம் பருத்தியில் நன்றாக வரும், மறுநாளே பயன்பாட்டுக்கும் போகும். பருத்திக்கு இழுவை இல்லாததால் விரல் சீக்கிரம் வலிக்கும், கண்ணியின் கோணல் அப்படியே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுப்பது நல்ல சமரசம்.

நிறத்தைப் பற்றிய யோசனை காசு சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் முக்கியம். கறுப்பு, கரு நீலம், அரக்கு வேண்டாம். குழல்விளக்கு வெளிச்சத்தில் அவற்றின் கண்ணிகளைப் பிரித்தறிய முடியாது. இளமஞ்சள், வெளிர்நீலம், இளஞ்சாம்பல் போன்ற ஒற்றை நிறம் நல்லது. பூனைமயிர்போலச் சிலிர்த்து நிற்கும் ஆடம்பர நூல் கண்ணியை மறைப்பதோடு, பிரிக்கவும் விடாது. முறுக்கு தளர்ந்த நூலில் ஊசி இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். நூலின் முனையைச் சுட்டுவிரலில் உருட்டிப் பார்த்து, உடனே இழை இழையாகப் பிரிந்தால் அதை வைத்துவிட வேண்டியதுதான்.

எவ்வளவு வாங்குவது? டி.கே. தடிமனில் பாத்திரத் துணிக்குப் பருத்தி 50 கிராம், பெரியவர் தொப்பிக்கு 100 கிராம், மப்ளருக்கு 150 முதல் 200 கிராம் போதும். பெரியவர் ஸ்வெட்டருக்கு அளவைப் பொறுத்து 400 முதல் 600 கிராம் ஆகும். லேபிளில் லாட் எண் என்று ஒன்று இருக்கும், ஒரே சாயத் தொட்டியில் நனைந்த நூல்களுக்கு ஒரே எண். இரண்டு உருண்டை வாங்கிவிட்டுப் பாக்கியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று சிக்கனம் பார்த்தால், கடையில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலமும் மார்பின் குறுக்கே கோடாகத் தெரியும். ஒரு பொருளுக்கு வேண்டியதை ஒரே லாட்டில் ஒரே நாளில் வாங்குவதே சிக்கனம்.

சில்லறைச் சாமான்களில் கத்தரிக்கோல் வீட்டிலேயே இருக்கும். அளக்கத் தையற்காரரின் இஞ்ச் டேப் போதும், வெகுகாலம் புழங்கி நீண்டுபோன டேப்பாக இல்லாதவரை. வாங்கியே தீர வேண்டியது ஒன்றுதான்: முனை மழுங்கிய, பெரிய காது உள்ள கம்பளி ஊசி. நூல் நுனிகளை உள்ளே செருகவும் துண்டுகளை இணைக்கவும் அது வேண்டும். கூர் ஊசி இழைகளைக் கிழித்துக்கொண்டு போகும். கண்ணிகளைக் கணக்கிட்டுப் பிரித்துக் காட்டும் அடையாள வளையங்களுக்கு வேறு நிற நூலை முடிச்சிட்ட சிறு சுருக்குகள் போதும், ஊக்கும் மாட்டலாம். வரிசை எண்ணும் கருவிக்குப் பதில் தாளும் பென்சிலும். கண்ணிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பிடிப்பானுக்குப் பதில் ஒரு மிச்ச நூல். ஊசிமுனை மூடிக்குப் பதில் ரப்பர் அழிப்பானின் இரண்டு துண்டுகள். நழுவி விழுந்த கண்ணியை மேலே ஏற்ற ஒரு குரோஷா ஊசி இருந்தால் வேலை சுளுவாகும். இந்தப் பட்டியலில் ஆடம்பரமாகத் தோன்றினாலும் வாங்கத் தகுந்தது அது. நூலுருண்டை தரையில் ஓடாமல் இருக்க விற்கும் பீங்கான் கிண்ணத்தின் வேலையை ஓர் எவர்சில்வர் டம்ளர் செய்யும். எல்லாவற்றையும் போட்டுவைக்க மஞ்சப்பை.

மலிவான நூலுக்கு இன்னும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பது அவற்றில் தொன்மையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 ஜூன் முதல் தேதி பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தபோது பின்னல் நூலும் கூப்பனுக்குள் அடங்கியது. பழையதைப் பிரித்துப் புதியது பின்னுவது அங்கே குடும்ப வழக்கமாயிற்று. எல்லா ஸ்வெட்டரும் பிரிக்க ஆகாது. உட்புறத் தையலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓரத்தை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரிசையும் அங்கே துண்டாகியிருக்கும், கையில் வருவது முழ நீளத் துண்டுகளே. ஓரம் வெட்டுப்படாமல் சங்கிலித் தையலால் இணைந்திருந்தால் முழு இழையாக வரும். தையலை முதலில் பிரித்துக் கைகளையும் உடலையும் தனித்தனியாக்கி, பின்னல் முடிந்த முனையிலிருந்து உருவ வேண்டும். உருவிய நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, நனைத்து, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் கம்பளி நூல் நேராகிவிடும். குளிர்காலத்தில் சாலையோரத்தில் விற்கும் ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் ஆலைத் தயாரிப்பு, அவற்றின் நூல் மெல்லியது. இரண்டு மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்துத்தான் பின்ன வேண்டும்.

கரூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கூம்பில் சுற்றி விற்கும் நெசவு நூலான கோன் நூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நெசவு நூலின் எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே எண். பத்தாம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 8,400 கெஜம், அதாவது 100 கிராமுக்குச் சுமார் 1,690 மீட்டர். எட்டு இழையைச் சேர்த்தால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 210 மீட்டர், டி.கே. பருத்தி நூலின் கனம் வந்துவிடும். கடை நூலைவிட இது மலிவாக முடியும். ஒரே குறை, இழைகள் ஒன்றோடொன்று முறுக்கப்படாமல் அருகருகே ஓடுவதால் ஊசி ஓர் இழையை விட்டுவிட்டு மற்றவற்றை எடுக்கும். பழகும்வரை இது தொல்லை. இரண்டாம் மூன்றாம் துணியிலிருந்து இதற்கு மாறலாம். திருப்பூர்ப் பனியன் துணிக் கழிவை நாடாவாக வெட்டிப் பின்னுவதும் நடக்கிறது. அதற்கு 10 மில்லிமீட்டருக்கும் தடித்த ஊசி வேண்டும், மணிக்கட்டு வலிக்கும். மிதியடிக்கும் கூடைக்கும் ஆன அந்தச் சரக்கு குரோஷாக்காரர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

மாதிரிகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. 2007-இல் தொடங்கிய ராவல்ரி தளத்தில் ஏராளமான இலவசப் பின்னல் குறிப்புகள் உள்ளன, கையிருப்பு நூலின் அளவைக் கொடுத்தும் தேடலாம். நார்வேயின் ட்ராப்ஸ் நிறுவனம் தன் குறிப்புகளை இலவசமாகவே தருகிறது. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகள் தெரிந்தால் இவற்றில் பெரும்பகுதியைப் படிக்கலாம்.

பாதுகாப்புக்குச் செலவில்லை. அக்ரிலிக்கும் பருத்தியும் ஈரம் படாமல் இருந்தால் போதும். கம்பளியை மட்டும் அந்துப்பூச்சி அரிக்கும் என்பதால் துவைத்து உலர்த்தி, இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பூச்சிகளை இழுப்பது பெரும்பாலும் துணியில் படிந்த வியர்வையும் அழுக்கும்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கைப்பின்னலால் துணிச் செலவு குறையாது. ஒரு ஸ்வெட்டருக்கு வாங்கும் நூலின் விலையில் ஆலை ஸ்வெட்டர் ஒன்றே பல நேரம் கிடைத்துவிடும். இங்கே சொன்ன சிக்கனம் கற்றுக்கொள்ளும் செலவைக் குறைப்பதற்கே. அதனால்தான் முனை மாற்றும் வட்ட ஊசித் தொகுப்பு, நூல் சுற்றும் இயந்திரம், விதவிதமான அடையாள வளையங்கள் ஆகியவற்றை முதல் மப்ளரோ தொப்பியோ முடிந்த பிறகு யோசித்தால் போதும். முடிந்த பின்னும் ஆர்வம் இருந்தால் இரண்டாவது வாங்கல் 3.25 மில்லிமீட்டர் ஊசி, அதாவது கடைக்கணக்கில் 10-ஆம் எண். டி.கே. ஸ்வெட்டர்க் குறிப்புகள் பலவும் இடுப்பு, மணிக்கட்டுப் பட்டிகளை 10-ஆம் எண்ணிலும் உடலை 8-ஆம் எண்ணிலும் பின்னச் சொல்பவை. இந்த இரண்டு ஜோடி கையில் இருந்தால் அத்தகைய ஸ்வெட்டர்களுக்கு மூன்றாவது ஊசி வாங்க வேண்டியதில்லை.